வாய் பேசாத நோயாளிக்கு ஒரு தாதி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒருகொடவத்தையிலிருந்து ஒரு தந்தையும் மகளும் என் இல்லத்திற்கு வந்தனர். தந்தை அப்பகுதியிலுள்ள கொள்கலன் முற்றமொன்றில் கணக்கெழுதுபவர். மகள் என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்றவள். பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். ஆயினும் பல்கலைக்கழகம் புகுவதற்கு அப்புள்ளிகள் போதவில்லை. தந்தையின் முகத்தில் கவலை. மகளின் முகத்திலோ கவலையினும் பிடிவாதமே மிகுந்திருந்தது.

"மாஸ்டர், இவள் மிருக வைத்தியசாலைத் தாதியாகப் படிக்கப் போகிறாளாம். தாதி வேலைதான் விருப்பம் என்றால் மனிதருக்குச் செய்யலாமே! நாய்க்கும் பூனைக்கும் பணிவிடை செய்யவா இத்தனை ஆண்டு படிப்பித்தேன்? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்றார் தந்தை.

பின்னர் சட்டைப்பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். நகரில் உள்ள ஒரு நிலையம் இப்படிப்பைக் கற்பிக்கிறதாம். முடித்தவுடன் வெளிநாட்டில் வேலை நிச்சயமாம். கட்டணமோ சில இலட்சம். அதற்கு மனைவியின் காப்புகளை அடகு வைக்க வேண்டும்.

வாசகர்களே, இங்கே இரு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இத்தொழில் மதிப்புடையதா என்பது ஒன்று. அதற்கு இந்த வழி தக்கதா என்பது மற்றொன்று. பெற்றோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து குழம்புகின்றனர். பிள்ளைகளும் அவ்வாறே. தொழில் உயர்ந்தது என்பதற்காக, அதன் பெயரால் விற்கப்படும் சான்றிதழ் எல்லாம் உயர்ந்ததாகிவிடாது.

முதலில் மகளை நோக்கி, "பிள்ளை, உனக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்டேன்.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அப்பொழுது அவள் சிறுமி. அயல்வீட்டுக்காரர் தம் ஆட்டினை இவர்களுடைய மேல்மாடியில் கொண்டுவந்து கட்டியிருந்தார். "இரண்டாம் நாள் அது அசைபோடுவதை நிறுத்திவிட்டது, சேர். இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. களைப்பாகக் கிடக்கிறது என்றே எல்லாரும் சொன்னார்கள். ஏதோ பிழை என்று எனக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. மறுநாள் அது செத்துப்போயிற்று" என்றாள்.

தந்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். இக்கதையை அவரும் அன்றுதான் முழுமையாகக் கேட்டார் போலும்.

அவள் கண்ட அந்த ஒன்றுதான் இத்தொழிலின் உயிர்நாடி என்று அவருக்கு எடுத்துரைத்தேன். மனித நோயாளி, "இங்கே வலிக்கிறது" என்பான். விலங்கு அவ்வாறு சொல்வதில்லை. பல விலங்குகள் நோவை மறைத்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே அருகிருந்து பார்ப்பவரின் கண்ணும் கையுமே அதற்கு வாயாக வேண்டும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியசு வரை. நம் கைக்கு அது காய்ச்சல் போலத் தோன்றும். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிக்க, பூனையின் இதயம் 140 முறைக்கு மேலும் துடிக்கும். ஈறினை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் தளர்ந்துள்ளது என்று ஐயுற வேண்டும். நம் வீடுகளில் சாதாரணமாக உள்ள பரசிட்டமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. இவற்றை அறிந்திருப்பதும், மாற்றம் கண்டவுடன் வைத்தியரிடம் அறிவிப்பதும் தாதியின் கடமை.

அறுவைச் சிகிச்சைக்கு முன் விலங்கைப் பட்டினியிட்டு ஆயத்தஞ் செய்வது, மயிர் மழித்துத் துப்புரவாக்குவது, கருவிகளை நீராவியில் கிருமி நீக்குவது, மயக்கத்திலிருக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் எண்ணிக் குறிப்பது, பின்னர் உடல் குளிராது காப்பது, ஊட்டுவது, கூண்டைக் கழுவுவது யாவும் அவள் பொறுப்பே. நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் கத்தி எடுப்பதும் வைத்தியருக்கு உரியவை. இவ்வெல்லையை அறிந்து நிற்பதும் தொழில் ஒழுக்கமாகும்.

இத்தகைய பணி இழிவானது என்ற எண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடாகிய நாடுகளைக் கூறுகிறது. அங்கே சோழர், பாண்டியர் பெயர்களோடு தாமிரபரணி எனப்பட்ட நம் இலங்கையும் குறிக்கப்பட்டுள்ளது. யானைக்கும் குதிரைக்கும் வைத்தியரை நியமித்தவன் என்று புத்ததாச மன்னனைச் சூளவம்சம் போற்றுகிறது. தமிழில் மாட்டு வாகட ஏடுகள் எழுதப்பட்டதும் நாம் அறிந்ததே.

நவீன காலத்தில், உலகின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி 1761ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் தோன்றிற்று. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டிலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டிலும் இக்கல்வி தொடங்கியது. வைத்தியருக்கு முதற்கல்லூரி அமைந்து சரியாக இருநூறு ஆண்டு கழித்தே, 1961ஆம் ஆண்டில், பிரித்தானியாவில் அவருக்குத் துணைநிற்பவர்களைப் பயிற்றிப் பதிவு செய்யும் திட்டம் ஏற்பட்டது. அப்பொழுதும் அவர்களுக்குத் 'தாதி' என்ற பெயர் கிட்டவில்லை; அச்சொல் மனிதருக்குப் பணிபுரிவோருக்கே சட்டப்படி உரியதாயிருந்தது. 'விலங்குப் பராமரிப்பு உதவியாளர்' என்றே அழைக்கப்பட்டனர். 1984ஆம் ஆண்டில்தான் மிருக வைத்தியத் தாதி என்னும் பெயர் அவர்களை அடைந்தது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் நம் நண்பருக்கு இதனைச் சொன்னேன். பெயர் வருமுன்னரே பணி இருந்தது. பணியைச் செம்மையாகச் செய்தோராலேயே பெயரும் வந்தது.

மனிதர் நலனும் இதிற் பிணைந்துள்ளது. 1973ஆம் ஆண்டில் நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர். இன்று அத்தொகை ஆண்டிற்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஊசி ஏற்றும் வைத்தியருக்கு, நாயை நோகாமலும் கடிபடாமலும் பிடித்துக்கொடுக்க ஒருவர் வேண்டாமா? அதே வேளையில் அபாயத்தையும் மறைக்கலாகாது. இத்தொழிலில் புகுவோர் விசர்நோய்த் தடுப்பூசியை முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விலங்கின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடுமாகையால் கையுறை இன்றிக் கூண்டு கழுவலாகாது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மிருக வைத்தியராக விரும்புவோர் உயர்தரத்தில் உயிரியல் துறையிற் சிறந்த புள்ளி பெற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திற்குச் செல்ல வேண்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் கீழ், குண்டசாலைப் பகுதியிலுள்ள கால்நடை வளர்ப்புப் பாடசாலையில் டிப்ளோமாக் கற்கை உண்டு. அது பண்ணையையும் கால்நடையையும் சார்ந்த உத்தியோகத்திற்கு வழி. நகரத்து வைத்தியசாலைகளில் உதவியாளராகச் சேர்ந்து, வைத்தியரின் பக்கத்தில் நின்றே பழகியவர்களும் உள்ளனர். தாதி என்னும் பெயரில் தனியார் நடத்தும் கற்கைகளைத் தீர விசாரித்தே சேர வேண்டும்.

விசாரிப்பது எங்ஙனம்? அந்நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அக்கற்கைக்குத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டா? கற்பிப்பவர் பதிவுபெற்ற மிருக வைத்தியரா? உயிருள்ள விலங்குகளோடு பயிலும் நாட்கள் எத்தனை? வெளிநாட்டு வேலை என்றால், எந்த நாட்டின் எந்தப் பதிவுச்சபை இச்சான்றிதழை ஏற்கிறது? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத நிலையத்திற்குக் காப்பை அடகு வைத்துப் பணங் கட்டுவது பேதைமை. பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு பெறவேண்டுமாயின் அந்நாட்டு மிருக வைத்தியர் கல்லூரியின் விதிகளையே நிறைவேற்ற வேண்டும். நம்மூர் நிலையத்தின் வாக்குறுதி அங்கே செல்லாது.

"அதற்கு முன் ஒரு பரீட்சை இருக்கிறது. அறிந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் சொல்கிறேன். இரண்டு மாதம் அங்கே போய் அவர் சொல்லும் வேலையைச் செய். இரத்தமும் மலமும் ஓலமும் கண்ட பிறகும் உன் மனம் மாறாவிட்டால், மேற்கொண்டு பேசுவோம்" என்று அப்பிள்ளையிடம் கூறினேன். தந்தை அரைமனத்துடன் இசைந்தார்.

பெற்றோருக்கு நான் சொல்வதும் இதுவே. பிள்ளை விரும்பும் தொழிலின் பெயரைக் கேட்டவுடன் முகஞ் சுளிக்காதீர்கள். அதனை விற்பவரின் விளம்பரத்தைக் கண்டவுடன் கைப்பணத்தை எண்ணவும் தொடங்காதீர்கள். இரண்டிற்கும் நடுவே, பிள்ளை அவ்வேலையைத் தன் கையால் தொட்டுப் பார்க்கச் சிறிது காலம் கொடுங்கள்.

கடந்த வாரம் அத்தந்தையைத் தெமட்டகொடையில் பஸ் நிலையத்தில் சந்தித்தேன். மகள் எப்படி என்றேன்.

"இன்னும் கூண்டுதான் கழுவுகிறாள், மாஸ்டர். ஆனால், காலையில் அவளை எழுப்பவேண்டிய வேலை எங்களுக்கு இப்போது இல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "காப்பும் அலுமாரியில்தான் இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.