லேகியம் எதற்கு?

"டாக்டர், இவனுக்குப் பசியெடுக்க ஒரு லேகியம் கொடுங்க" என்று கேட்டு வரும் தாய்மார்கள் நிறையப் பேர். விசாரித்தால் பையன் தோசை, தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறான். வயசுக்கேற்ற எடையும் இருக்கிறது. கீரையையும் பாகற்காயையும் கண்டால்தான் வாயை இறுக மூடிக்கொள்கிறான். இது மந்தமும் இல்லை, மாந்தமும் இல்லை. இதற்கு எதற்கு லேகியம்?

"எட்டு மாசத்துல எதைக் கொடுத்தாலும் சப்புக்கொட்டினானே, இப்ப என்ன வந்துச்சு?" என்பீர்கள். இரண்டு வயசிலிருந்து ஐந்தாறு வயசு வரை புதுப் பண்டத்தைக் கண்டால் பெரும்பாலான குழந்தைகள் மிரளத்தான் செய்யும். ஓடியாடத் தொடங்கும் வயசு அது. கண்ணில் பட்ட காயையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது? தெருவோரம் அரளியும் ஊமத்தையும் நிற்கிறதே! இயற்கை போட்ட காவல் என்றே இதை நினைக்கிறேன். அறுசுவையில் கசப்பின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

இந்தக் காவலைத் தளர்த்தப் பழக்கம் ஒன்றுதான் வழி. அது தாயிடமே ஆரம்பிக்கிறது. வாயும் வயிறுமாக இருக்கும்போதோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிற்பாடு கேரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றதாக அமெரிக்காவில் 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் காரணமில்லாமல் அது கூடாது, இது கூடாது என்று ஒன்றுவிடாமல் தடை போடும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ஒரு தடவை துப்பியதுமே "இவனுக்குக் கீரை ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் விழுங்கவே சம்மதிக்கும். பிடித்த சாதத்தின் ஓரத்தில் ஒரு துளி மசியல் வையுங்கள். தொடவில்லையா? போகட்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட்டும் பாலும் கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள். அப்பா பாகற்காயைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை அதட்டினால் அவன் கேட்பானா?

எனக்குக் கோபம் வருவது இரண்டு விஷயத்தில். ஒன்று, "கீரை தின்னா சாக்லேட்" என்ற பேரம். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே பாடம் நடத்துகிறோம். இன்னொன்று, மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது. அழும் குழந்தைக்குப் புரையேறினால் உயிருக்கே ஆபத்து. தப்பித்தாலும், அந்த வாசனை வந்தாலே அழுகைதான் அவனுக்கு ஞாபகம் வரும்.

எடை குறைகிறது, விழுங்கவே சிரமப்படுகிறது, அடிக்கடி வாந்தி எடுக்கிறது, நாலைந்து பண்டம் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றால் அது வேறு சமாசாரம். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.