இப்போது தந்தை எதற்கு?

முப்பது வயதைக் கடந்த ஒருவர், தம்மைப் பெற்ற தந்தை வேறொருவர் என்பதை ஒருநாள் அறிகிறார். அவரைத் தேடப் புறப்படுகிறார். உடனே நம் பங்கு மக்களிடையே எழும் குரல் என்ன? “வளர்த்தவருக்குச் செய்யும் நன்றி இதுதானா? மண்மூடிப் போனதை ஏன் கிளற வேண்டும்? இப்போது தந்தை எதற்கு?” இரக்கத்தால் இப்படிக் கேட்கிறோம் என்றே நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இக்கேள்விகள் காப்பது பிள்ளையை அன்று, தாயையும் அன்று. பொறுப்பை உதறிவிட்டுப் போன ஆண்மகனைத்தான்.

பெயருக்கு முன்னே தந்தையின் முதலெழுத்தைச் சுமந்து திரிகிற மக்கள் நாம். பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி மண ஓலை வாசிக்கும் நாள் வரை தந்தை பெயரைக் கேட்கிறோம். ஊரார் ஆயுள் முழுவதும் ஒருவரிடம் கேட்கலாம். அவர் மட்டும் கேட்கலாகாதாம்! இது என்ன நீதி?

நீதிமன்றப் படியேறிக் கேட்டவரும் உண்டு. முன்னாள் முதலமைச்சர் நாராயண் தத் திவாரி தம் தந்தை என அறிவிக்கக் கோரி, ரோகித் சேகர் 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். திவாரி மறுத்தார், இரத்தம் தரவும் மறுத்தார். உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பலிக்காமல், 2012இல் மரபணுச் சோதனை உண்மையைச் சொல்லிற்று. மகன் என அவர் வெளிப்படையாக ஏற்றது 2014இல். மறைத்தவருக்குப் பதவிகள், கேட்டவருக்கு ஆறாண்டு அலைச்சல். எல்லாருக்கும் இவ்வளவும்கூட வாய்ப்பதில்லை. 2025 ஜனவரியில், கேரள வழக்கொன்றில், மணஉறவு நிலைத்திருந்த காலத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணவனே தந்தை என்னும் சட்ட ஊகத்தைக் காட்டி, உச்ச நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு இடம் தரவில்லை.

வளர்ப்புத் தந்தையின் பெருமைக்குப் புனித சூசையப்பரை எடுத்துக்காட்டி வாயடைப்போர் நம்மிடையே பலர். நல்லது, நாமும் அவரையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் இயேசு தம் தந்தையைப் பற்றிப் பேசியது, தம்மைத் தேடி அலைந்து வந்து நின்ற சூசையப்பரின் முன்னிலையில்தான். நன்றி கெட்ட பிள்ளை என்று அவர் வெகுண்டதாக லூக்கா எழுதவில்லை. அப்பிள்ளை பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பிக் கீழ்ப்படிந்து வாழ்ந்ததாகவே எழுதுகிறார். வளர்த்தவரிடம் அன்பு குறையுமென்ற அச்சம் நம்முடையது, சூசையப்பருடையதன்று.

தாயின் மானம் என்னாவது? இந்தக் கேள்வி மட்டும் எளிதன்று. வஞ்சிக்கப்பட்டவர் இருப்பார்; வன்முறைக்கு ஆளானவரும் இருப்பார். அவரை ஊர் நடுவே நிறுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் வழி இருக்கிறது. தில்லியில் மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தந்தையின் பெயரை வெளியிடாமலே தம் மகனுக்குக் காப்பாளராக விரும்பினார். கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்ட அவ்வழக்கில், 2015 ஜூலை 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதோடு விட்டுவிடவுமில்லை. பெற்றோர் யாரென அறிவது பிள்ளையின் உரிமை எனக் கருதி, தாயைத் தனியே அழைத்துப் பேசிற்று. அவர் சொன்ன பெயரும் விவரங்களும் ஓர் உறையில் இடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டன. தன் தனி ஆணையின்றி அதை யாரும் படிக்கலாகாது என்றது. ஊருக்கு அந்தப் பெயர் மறைந்திருக்கிறது. மகனுக்கு அழியாமல் இருக்கிறது.

நம் பதிவேடுகளுக்கு வருவோம். மணமாகாத தாயின் பிள்ளைக்குத் திருமுழுக்கு அளிக்கையில், பொது ஆவணச் சான்று இருந்தாலோ, அம்மனிதரே பங்குத்தந்தை முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்புக்கொண்டாலோதான் தந்தை பெயரை எழுத வேண்டுமென்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் எண். வீண்பழியைத் தடுக்கும் ஏற்பாடு அது. அதை நாம் நோகவில்லை. நாம் நோவது, அந்த வெற்றிடத்தின் கதை முழுவதும் அறிந்த ஞானப் பெற்றோரையும், பெரியம்மா சித்திகளையும், பழைய உபதேசியார்களையும். கிணற்றடியிலும் திருவிழாக் கூட்டத்திலும் ஒளியாமல் பேசியவர்கள், உரியவர் வந்து நிற்கும்போது ஊமையாகிவிடுகிறார்கள்.

தேடிச் செல்பவர் காண்பது அணைக்கும் கையாக இருக்கலாம்; முகத்தில் அறையப்படும் கதவாகவோ, பெயர் மங்கிய கல்லறையாகவோ இருக்கலாம். அதையும் அவரே கண்டுவரட்டும். முதலில் அந்தத் தாயிடம் போய்க் கேளுங்கள். அவர் இசைந்தால், அல்லது அவர் இன்று உயிரோடில்லையானால், உங்களுக்குத் தெரிந்த பெயரையும் ஊரையும் அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.