நேர்விகிதமாவது யாது?

தமிழ் பயில்வார்க்குக் கணக்கோடு என்ன உறவு என்று வினவுவார் நம்மிடையே உளர். சொல்லின் பொருளை வரையறுத்தல் நமது தொழிலன்றோ? 'நேர்விகிதம்' என்னுஞ் சொல் பொருள் திரிந்து வழங்குவதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. ஒன்று பெருக மற்றொன்றும் பெருகுமாயின், அவையிரண்டும் நேர்விகிதமுடையன எனக் கூசாது கூறிவிடுகின்றோம். பெருகுதல் வேறு, ஒரே விகிதத்திற் பெருகுதல் வேறு.

ஒன்றை இருமடங்காக்கின் மற்றொன்றும் இருமடங்காதல் வேண்டும்; ஒன்றை மற்றொன்றால் வகுத்த ஈவு எவ்விடத்தும் மாறாதிருத்தல் வேண்டும். வரைபடத்தில் நேர்கோடு அமைந்தால் மட்டும் போதாது. அக்கோடு சூனியப் புள்ளியூடு செல்லவும் வேண்டும். வெப்பமானியை நோக்குக. சென்டிகிரேடு 10 பாகையாயின் பாரன்ஹீட் 50. 20 ஆயின் 68. கோடு நேர்கோடே, ஆயினும் 10 இருமடங்காக, 50 நூறாகவில்லை. சென்டிகிரேடு சூனியமாகும்போது பாரன்ஹீட் 32 ஆக நிற்பதே காரணம்.

பேரறிஞரும் இவ்விடத்து இடறியதுண்டு. விழுங் கல்லின் வேகம் அது கடந்த தூரத்திற்கு நேர்விகிதமாகும் என்று கலிலியோ 1604ஆம் ஆண்டிற் சார்ப்பி என்பார்க்கு வரைந்த கடிதத்திற் கூறினார். தூரம் மிக மிக வேகமும் மிகுதலின், அக்கருத்து எவர்க்கும் இயல்பாகவே தோன்றும். காற்றின் தடையை நீக்கிப் பார்ப்பின், 16 அடி வீழ்ந்த கல்லின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 32 அடி. 64 அடி வீழ்ந்ததன் வேகம் 64 அடி. தூரம் நான்மடங்காயிற்று, வேகமோ இருமடங்கே. வேகம் நேர்விகிதங் கொள்வது காலத்தோடு. இதனை 1638இல் வெளிவந்த தமது நூலில் நிறுவிய அப்பெரியார், முன்னைக் கருத்தைத் தாமும் சிலகாலங் கொண்டிருந்ததை அந்நூலிலேயே மறையாது குறித்தார்.

நம் பள்ளிக் கணக்கு நூல்களின் குறை யாதெனின், 'நேர்விகிதம்' என்று தலைப்பிட்டு அதன்கீழ் நேர்விகிதக் கணக்குகளையே நிரப்புதலாம். தலைப்பே பாதி விடையைத் தந்துவிடுகின்றது. மாணவன் ஆராய வேண்டுவதை ஆசிரியரே ஆராய்ந்து முடித்துவிடுகின்றார். கொடியில் ஒரு வேட்டி உலர இரண்டு மணி நேரமாயின், அருகருகே விரித்த ஐந்து வேட்டிகள் உலர எத்துணை நேரமாகும்? 'பத்து' என விடையிறுக்கும் பிள்ளையின் பெருக்கலிற் பிழையில்லை. சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கும் என்பானும் அவ்வகையினனே. இத்தகைய கணக்குகள் நாலைந்தேனும் அவ்வதிகாரத்திற் கலந்து நிற்றல் வேண்டுமென்பது நமது கருத்து. விடை காணப் புகுமுன், இது நேர்விகிதமோ அன்றோ, எதனால் என்று மாணவர் ஒரு வரி எழுதுமாறு பணித்தலும் நன்று.