அடைக்கலத்திற்கும் அயற்பெயரா?

ஆரணிப் பட்டின் புகழை நாடறியும். முன்பணக் கடனுக்கு ஈடாகச் சிறாரைத் தறியில் அமர்த்திய கொடுமையும் பட்டு நெசவூர்களின் வரலாற்றில் உண்டு. வறுமையும் அடியும் பொறாத சிறுவன் வீட்டை விட்டோடிக் காட்பாடியிலோ சென்னையிலோ தொடர்வண்டியை விட்டு இறங்கும்போது, அவனை முதலில் எதிர்கொள்பவன் தொண்டனா, தரகனா? அவன் வாழ்வே அதில் தொங்குகிறது!

அத்தகையோர்க்கு உறைவிடம் நடத்தும் தொண்டமைப்புகளுக்கு நடுவணரசும் மாநில அரசும் 60:40 என்னும் அளவில் நல்கை வழங்குகின்றன. இரண்டும் நம் வரிப்பணமே. ஆயினும், 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில் தில்லி ஒரு கட்டளை இட்டது: திட்டத்தின் பெயரை மாற்றினால் பணம் இல்லை! அப்பெயர் ‘மிசன் வாத்சல்யா’. பாதி ஆங்கிலம், பாதி சமற்கிருதம்.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்பார் சிலர். ஒன்றும் இல்லையெனில், பெயரோடு பணத்தைத் தில்லி முடிச்சிட்டது ஏன்?

தில்லியை மட்டும் நோவதும் முறையன்று. சரியான மொழிபெயர்ப்பை அந்நெறிமுறையே ஒப்புகிறது. ‘குழந்தைப் பரிவுத் திட்டம்’ என எழுதினால் எந்தக் கை முறியும்? நம் அலுவலர்களோ அயற்பெயரை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்து வைக்கின்றனர். அஞ்சி ஓடிவந்த பிள்ளைக்குப் பொருள் விளங்காத பெயர்ப்பலகை, பூட்டிய கதவே அன்றோ?

தமிழர்களே! நல்கையைக் காலத்தில் தருக, பெயரைத் தமிழில் தருக என இரண்டையும் ஒருசேரக் கேளுங்கள். தறிக்கூடந்தோறும் பள்ளிதோறும் சிறார் உதவி எண் 1098-ஐத் தமிழில் எழுதி வையுங்கள். பிள்ளைக்குப் புரியும் மொழியே பிள்ளையைக் காக்கும்!