வாயைத் திறந்து பார்ப்போம்

தேங்காய் உரிக்கிற இடத்தில் வெற்றிலை போடாதவர் எத்தனை பேர்? பசிக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. என் வகுப்புப் பிள்ளைகள் தாத்தாவுக்குப் பாக்கு இடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். யாரையும் ஏசுவதற்கு இதை எழுதவில்லை.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்பது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஆனால் இந்த நோய் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்: வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது.

நாமோ புண் முற்றிய பிறகுதான் வைத்தியசாலைக்குப் போகிறோம். காரணம், போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே சிலாபம் முதல் புத்தளம் வரை எல்லாத் தென்னந்தோட்டங்களிலும் ஆண்டுக்கு ஒரு முறை, சம்பளம் வெட்டாமல், வாய்ப் பரிசோதனை வேண்டும். ஓய்வு பெற்றவர்களையும் சேர்க்க வேண்டும். தோட்டத்துக்கு உழைத்துத் தேய்ந்தவர்கள் அவர்கள்தானே!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இன்றிரவே டோர்ச் அடித்து வீட்டுப் பெரியவரின் வாயைப் பாருங்கள்.