வரைபடத்தில் ஏறாத ஊர்கள்

பழைய ரோம வரைபடங்களில் இலங்கை இருக்கிறது என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ரோமப் பேரரசின் வீதிகளைக் காட்டும் பொய்ட்டிங்கர் வரைபடத்தின் மத்தியகாலப் பிரதி, வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 6.75 மீற்றர், அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. கிழக்கு ஓரத்தில் 'தப்ரபேன்' என்ற பெயரில் நமது தீவு இருக்கிறது. தீவுக்குள் வீதிகள் இல்லை.

வீதி வரையப்படாததால் இங்கே மனிதர் இல்லாமற் போகவில்லை. புத்தளம் மாவட்டத்தின் பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிய 'ஹிப்புரோஸ்' துறைமுகம், அதே கரையிலுள்ள குதிரைமலையே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வரைந்தவர்களுக்குத் தேவைப்பட்டதே வரைபடத்தில் ஏறியது.

இன்றும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில்தான் தஞ்சமடைந்தனர். அவர்களுள் மன்னார் முசலிப் பிரதேசத்தவரும் அடங்குவர். அவர்கள் விட்டுச்சென்ற காணிகளில் இரண்டு தசாப்தங்களாகக் காடு வளர்ந்தது. போர் முடிந்து திரும்பத் தொடங்கிய பின், 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாக்கப்பட்டன. 2017 மார்ச்சில், ரஷ்யா சென்றிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மாவில்லு வனப் பிரகடனத்தில் அங்கிருந்தே கையெழுத்திட்டார். மறிச்சுக்கட்டியில் மக்கள் போராட்டத்தில் இறங்கினர்.

காடு காக்கப்பட வேண்டும். 1938 முதல் தேசிய பூங்காவாக உள்ள வில்பத்து, நாட்டின் சொத்து. ஆனால் துரத்தப்பட்டவரின் வளவில் வளர்ந்த பற்றையையும் மனிதர் வாழாத அடர்காட்டையும் தூரத்தில் இருந்து போடும் கோடு பிரித்தறியாது. எல்லை குறிக்கும் முன் காணி உறுதி, பாடசாலைப் பதிவேடு, கிணறு, மையவாடி ஆகியவற்றை ஊரவரோடு நடந்து பார்க்க வேண்டும்.

வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் காணிக்காகக் காத்திருந்த தமிழருக்கு இது புரியாத வலியல்ல. அவர்களை வெளியேற்றியது நம் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களே என்பதால், அவர்களின் காணிக்காகக் குரல் கொடுக்கும் கடமை நமக்குக் கூடுதலாக உண்டு.