தொப்பி கிடைக்காவிட்டால் என்ன?

சச்சின் பேபியின் பேச்சு வந்தாலே, ‘என்ன ஆடி என்ன, இந்தியத் தொப்பி கிடைக்கவில்லையே’ என்று உதடு பிதுக்குகிறவர்கள் உண்டு. தேயிலைத் தோட்ட ஊரான வண்டிப்பெரியார் இருக்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், அடிமாலியில் 1988-ல் பிறந்த இடதுகை கிரிக்கெட் ஆட்டக்காரர் அவர். ரோகன் பிரேமின் 5,396 ரன்களை 2024 நவம்பரில் தாண்டி, ரஞ்சிக் கோப்பையில் கேரளத்துக்காக அதிக ரன் குவித்தவரானார். அவரைத் தேறாதவர் கணக்கில் சேர்ப்பது அநியாயம். மாநில அணிக்கு ஆடுவதே முழுமையான ஒரு ஆட்ட வாழ்க்கைதான். 2025 பிப்ரவரியில் அகமதாபாத்தில் நடந்த ரஞ்சி அரையிறுதியைப் பாருங்கள். கேரளம் 457, குஜராத் 455-ல் நிற்கிறது. கடைசி ஜோடியில் ஒருவர் ஓங்கி அடித்த பந்து, ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் பேபியின் கையில் விழுந்தது. முதல் இன்னிங்ஸில் இரண்டே ரன் முன்னிலை; அதை வைத்தே கேரளம் முதன்முறையாக இறுதிக்குப் போனது. நாக்பூர் இறுதியில் 98 ரன்னில் தூக்கியடித்து கருண் நாயரிடம் பிடிபட்டார். அந்த அடியை அவர் தவிர்த்திருக்க வேண்டும்தான். முதல் இன்னிங்ஸில் விதர்பாவின் 379-க்குக் கேரளம் 342, கோப்பை போயிற்று.

‘திறமை இருந்தால் எடுத்திருப்பார்களே’ என்பார்கள். பேபி விஷயத்தில் அதை மறுக்க மாட்டேன். அவரைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். ஆனால் 11,167 முதல்தர ரன் எடுத்த மும்பையின் அமோல் மஜும்தார்? டெண்டுல்கர், டிராவிட், லட்சுமண் நின்ற வரிசையில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் மைக் ஹெஸ்மன் மைனர் லீக்குகளில் 433 ஹோம் ரன் விளாசினார். மேஜர் லீக்கில் வெறும் 14. அந்த 433-ஐ அங்கே சாதனையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘பெருமை சோறு போடுமா’ என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. டெஸ்ட் ஒன்றுக்கு 15 லட்சம் என்பதோடு ஒப்பிட்டால் ரஞ்சி சம்பளம் சிறிதுதான். ஆனாலும் 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்று 2021-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் உயர்த்தியது. நான்கு நாள் ஆட்டத்துக்கு 2,40,000 ரூபாய். தேயிலைக் கொழுந்து கிள்ளும் வீட்டில் இது எத்தனை மாதச் சம்பளம் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தோட்ட லயத்து முற்றத்தில் மட்டை பிடிக்கும் பிள்ளையிடம் ‘நீ என்ன கோலியா’ என்று கேட்காதீர்கள். மாவட்ட அணிக்கான தேர்வு எப்போது என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள்.